சென்ட் விலை என்னும் சாட்சி

கொங்குப் பகுதியில் ஒரு சாலை அகலமானாலும், குடிநீர்க் குழாய் வந்தாலும், மேம்பாலம் எழுந்தாலும், பணி நன்றாக அமைந்ததா என்று தீர்மானிக்க எல்லோரும் அழைப்பது ஒரே சாட்சியைத்தான்: சென்ட் விலை. அரசு அதைக் காட்டி வரி கேட்கிறது. லேஅவுட் போடுகிறவர் அதைக் காட்டி சைட் விற்கிறார். வீட்டுக்காரரோ, விற்கும் எண்ணமே இல்லாதபோதும், அதைச் சொல்லி மனம் குளிர்கிறார். இத்தனை தரப்பும் ஒருசேர நம்பும் சாட்சியை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. அதைச் செய்யக் காங்கேயம் தகுந்த இடம். கோவை, திருப்பூர் வளர்ச்சியின் பலனும் பழியும் இந்த வட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

சாட்சிக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். சாலை போட்டால் வீட்டின் மதிப்பு ஏறுகிறதா என்ற கேள்விக்கு உலகில் கிடைத்த துல்லியமான பதில்களுள் ஒன்று, மெக்சிகோவின் அகாயுகான் என்ற நகரிலிருந்து வந்தது. தார் போட வேண்டிய மண் தெருக்கள் பல, பணமோ சிலவற்றுக்குத்தான். எந்தத் தெருவுக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கொன்சாலெஸ்-நவாரோ, கின்டானா-டோமெக் என்ற இரு பொருளியலாளர்கள் சாலை கிடைத்த தெருக்களையும் கிடைக்காதவற்றையும் ஒப்பிட்டு 2016-இல் ஆய்வை வெளியிட்டார்கள். சாலை கிடைத்த தெரு வீடுகளின் மதிப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடியிருந்தது. நிலத்தில் கூடிய மதிப்பு, சாலை போட்ட செலவுக்கு ஈடாகவும் இருந்தது.

இந்த ஆய்வின் வலிமை அதன் முறையில் இருக்கிறது. வழக்கமாக, விலை ஏறிக்கொண்டிருக்கும் பகுதிக்குத்தான் சாலை முதலில் போகும். பிறகு சாலையால் விலை ஏறியது என்று கணக்கு எழுதுவார்கள். குலுக்கல் அந்தக் குழப்பத்தை அறுத்துவிட்டது. அதன் எல்லையையும் சேர்த்தே குறிக்க வேண்டும். அது மண் தெருவுக்கு முதன்முறை வந்த தார்ச்சாலை பற்றியது. இருக்கும் சாலைக்கு மேல் இன்னொரு அடுக்கு போடுவதற்கோ, பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கோ அந்த 16 விழுக்காட்டை நீட்ட முடியாது.

இனி நம் ஊர்ச் சாட்சியம். 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழகம் முழுக்க மனை வணிகம் உறைந்தது. 2017 மே மாதம், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் சந்தைக்கு மீண்டும் உயிர் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் அந்த மனைகளின் மண் மாறவில்லை. வரன்முறை ஆணை கைக்கு வந்ததாலேயே சாக்கடை வந்துவிடவும் இல்லை. மாறியது, கைமாற்றிப் பதிய முடியுமா முடியாதா என்பது மட்டும். விற்க முடிவதை இந்தச் சாட்சி கூர்மையாகக் காண்கிறது. குடியிருக்க முடிவதை மங்கலாகத்தான் காண்கிறது.

இதே சாட்சி இரண்டு வாக்குமூலம் தருவதும் வாசகர் அறிந்ததே: பத்திரத்தில் ஒன்று, கையில் ஒன்று. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை மாநிலம் முழுக்க 33 விழுக்காடு குறைத்த அரசு, பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தியது. எந்த ஊரிலும் நிலம் அன்றிரவு மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிடவில்லை. 2023-இல் பழைய மதிப்பு திரும்பியது, கட்டணம் 2 விழுக்காடானது. அரசின் கையில் இருக்கும் ஒரே அளவுகோல், நிலத்தில் நடந்த மாற்றத்தோடு தொடர்பின்றி நீளவும் குறுகவும் செய்தது. பத்திரத்தில் குறைத்து எழுதுவதன் தண்டனை எதிர்பாராத இடத்தில் விழுகிறது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், இழப்பீட்டுக்கு அடிப்படையாக வழிகாட்டி மதிப்பையும் அண்டை நிலங்களின் பத்திர விலையையும் பார்க்கிறது. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதிய ஊரில், புறவழிச்சாலை வரும் நாளில் அந்த மிச்சம் வட்டியோடு போகிறது.

கண்ணுக்குத் தெரியும் பணிகளின் உச்சம், கோவை அவிநாசி சாலை மேம்பாலம். உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபர் 9 அன்று ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. பொறியியலாக இது பெரிய சாதனை. நெரிசலும் சிக்னலும் மிகுந்த சாலையில் ஒரு பயணத்தை அது சுருக்கிவிட்டது. ஆனால் அதன் பலன் கடந்து போகிறவருக்கு உரியது. இரு முனைகளிலும் ஏறுதளம் இறங்குதளம் அருகிலும் நிலம் வைத்திருப்பவருக்கு அதில் பங்கு உண்டு. நடுவே, தூண்களுக்கு எதிரே வீடும் கடையும் வைத்திருப்பவருக்கு வெளிச்சம் குறைவதும் வாகனங்கள் நிற்காமல் தலைக்கு மேல் போவதும்தான் கைக்கு வந்தவை. அவிநாசி சாலை முழுவதற்கும் ஒரே மூச்சில் விலை ஏறிவிட்டது என்று சொல்லும் தரகர், இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அவர் வேலை அதுவல்ல.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2016 ஜனவரியில் முதல் இருபது நகரங்களுள் ஒன்றாகக் கோவை தேர்வானது. உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் நடைபாதையும் விளக்கும் பெற்றன. மாலையில் அங்கே நடப்பவர் கூட்டத்தைப் பார்க்கும் எவரும் அதை வீண் என்று சொல்ல மாட்டார். எதிர்த்தட்டிலும் ஓர் எடை இருக்கிறது. குளக்கரைகளில் குடியிருந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. வேலை நகரில், வீடு நகருக்கு வெளியே. குளத்துக்கு எதிரே பட்டா வைத்திருந்தவருக்கு விலை ஏறியது. பட்டா இல்லாதவரின் இழப்பு எந்தப் பத்திரத்திலும் ஏறாது என்பதால் சாட்சிக்கு அது தெரியாது.

புதைந்து கிடக்கும் பணிகளிடம் வந்தால் சந்தை அனேகமாக ஊமையாகிவிடுகிறது. 2018-இல் கோவை மாநகராட்சி, சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் செய்து, பழைய நகரப் பகுதிக்கு 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கியது. தனியாருக்கு நீரைக் கொடுப்பதா என்ற எதிர்ப்பு எழுந்தது. ஒப்பந்தத்தின் வெளிப்படைத்தன்மை குறித்த அந்தக் கேள்விகள் அற்பமானவையும் அல்ல. போட்ட சாலையைத் தோண்டிக் குழாய் பதித்து, தோண்டிய இடத்தை அரைகுறையாக மூடிய கோர்வையின்மையையும் நகரம் சகித்தது. இருந்தும், குடித்தனக் கணக்கில் எடை போட்டால் இதற்கு இணையான பணி வேறில்லை. குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு நீர் வருமானால், தரைத்தொட்டி, மோட்டார், மாடித்தொட்டி, லாரித் தண்ணீர், இரவில் விழித்திருந்து பிடிக்கும் உழைப்பு எல்லாம் ஒரு வீட்டின் செலவிலிருந்து கழிகின்றன. சிறுவாணிக் குடிநீரும் பில்லூர்க் குடிநீரும் கோவையில் வீடு கட்டும் ஆசையை எத்தனை தலைமுறைக்கு ஊட்டின என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆனால் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த சரவணம்பட்டியிலும் காளப்பட்டியிலும், ஐ.டி. நிறுவனங்கள் வந்ததும் விலை ஓடியது. பாதாளச் சாக்கடை பின்னால் மெதுவாக நடந்தது. வாங்குபவர் முதலில் கேட்டது சாலை எத்தனை அடி என்பதை. கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டவர் சிலரே.

அந்தக் கேள்விக்குக் காங்கேயம் வட்டத்தில் ஒரு பதில் உண்டு, ஒரத்துப்பாளையம். நொய்யலின் குறுக்கே 1992-இல் முடிந்த அந்த அணை, பாசனத்துக்காகக் கட்டியது. மேலே திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகி, சாயக்கழிவு ஆற்றில் இறங்கி, அணை சில ஆண்டுகளிலேயே கழிவுத் தேக்கமாயிற்று. அணையைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. 1995-இல் உருவாகி 2005-இல் நீர் வழங்கத் தொடங்கிய திருப்பூர் குடிநீர்த் திட்டத்தை, தனியார் பங்கேற்பில் இந்தியாவின் முன்னோடி என்று கொண்டாடினார்கள். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் கொள்ளளவு, தொழிற்சாலை அதிகம் கொடுத்து வீடுகள் குறைவாகக் கொடுக்கும் கட்டண முறை என்று அதன் அமைப்பு செம்மையானது. வந்த நீர் சாயமேறித் திரும்பும் வழி மட்டும் அதன் கணக்குக்கு வெளியே நின்றது. 2006-இல் உயர்நீதிமன்றம் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறையை வலியுறுத்தியது. 2009-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்த பிறகே பேச்சு செயலானது.

இங்கே நம் சாட்சி என்ன சொன்னது? திருப்பூரில் உரக்கப் பேசியது. ஒரத்துப்பாளையத்தில் வாயே திறக்கவில்லை. விற்பனையே அரிதான ஊரில் விலைச் சரிவும் பதிவாகாது. கிணறு கெட்ட வீட்டை வாங்க ஆள் வராதபோது, அந்த வீட்டின் இழப்பு ஒரு பத்திரத்திலும் எண்ணாக மாறுவதில்லை. ஏற்றத்தை எழுதி வைத்துக்கொண்டு இறக்கத்தை மௌனத்தில் விடும் கணக்கேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார். வளர்ச்சிப் பணிகளின் மதிப்பீட்டில் மட்டும் அதை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

காங்கேயத்திலேயே இன்னொரு மௌனம். தேசிய நெடுஞ்சாலை 81-ம் ஈரோடு–தாராபுரம் சாலையும் சந்திக்கும் ஊர் இது. அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் களம் என்று பரந்த தரை கேட்கும் தொழில்கள். சுற்றிலும் கிளுவை வேலியடைத்த கொரங்காடுகள், காங்கேயம் மாடுகளின் மேய்ச்சல் நிலம். சாலை மேம்பட்டு சென்ட் விலை ஏறும்போது, களமும் கொரங்காடும் வருமானம் தராத வெற்றிடமாகக் கணக்கில் தெரியத் தொடங்குகின்றன. கல் நட்டு விற்றால் ஒரே ஆண்டில் கிடைப்பது, மாடு வளர்த்து ஒரு தலைமுறையில் கிடைக்காது. விற்கும் குடும்பத்தைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் மேய்ச்சல் நிலத்தை வீணான நிலம் என்று மதிப்பிடும் அளவுகோலை நடுநிலையானது என்று ஒப்பவும் முடியாது.

அப்படியானால் வீட்டுக்காரரிடம் பங்கு கேட்பதே தவறா? இல்லை. பொதுப் பணத்தால் ஏறிய மதிப்பில் ஒரு பகுதியைப் பொதுவுக்குத் திருப்பிக் கேட்பது பழைய, நேர்மையான கொள்கை. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. கொலம்பியா 1921 முதல் ஒவ்வொரு பணிக்கும் உரிய பலனைக் கணித்து, அதை அனுபவிக்கும் நிலத்திடமே வசூலித்து வருகிறது. 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியைத் திருத்தியபோது, சென்னையின் பழைய பகுதி நீங்கலாக, குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தியது. பெரும்பாலான ஊர்களில் 2008-க்குப் பிறகு வந்த முதல் பொதுத் திருத்தம் அது. நீண்ட உறக்கத்தைக் கலைத்ததும், சிறு வீட்டுக்குச் சிறு சுமை வைத்ததும் அதன் நிறை. உயர்வை வீட்டின் பரப்பு மட்டும் தீர்மானித்தது அதன் குறை. ஒரே அளவுள்ள இரு வீடுகளில் ஒன்றுக்குப் பாதாளச் சாக்கடை வந்திருக்கும், மற்றொன்றின் வாசலில் திறந்த சாக்கடை ஓடும். உயர்வு விழுக்காடு இரண்டுக்கும் ஒன்றே. 2024 முதல் ஆண்டுதோறும் 6 விழுக்காடு ஏறும் ஏற்பாடும் இந்தக் குருட்டுத்தனத்தை அப்படியே சுமந்து செல்கிறது. கொள்கை சரி, கணக்கு முறை தேறவில்லை என்பதே என் தீர்ப்பு.

சென்ட் விலையைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட வேண்டாம். தனியார் ஆதாயத்துக்கு அது நம்பத்தக்க சாட்சிதான். பொதுப் பணியின் தரத்துக்கு வேறு சாட்சிகள் வேண்டும். காங்கேயம் நகராட்சி அனுப்பும் வரி அறிவிப்பிலேயே, மண்டலமும் சதுர அடியும் இருக்கும் இடத்தில், அந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிநீர் வருகிறது, சாலை கடைசியாக எப்போது போடப்பட்டது, கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பவற்றையும் அச்சிடலாம். முதல் இரண்டையும் எந்த நகராட்சியும் நிரப்பிவிடும். மூன்றாவதில் பேனா தயங்கும். நொய்யல் கரையில் வீடு வைத்திருப்பவர் முதலில் தேடிப் படிக்கப்போவதும் அந்த மூன்றாவது வரியைத்தான்.