கீதாரியின் கம்பளி

மார்கழி விடியலில் கொட்டாம்பட்டிப் பக்கம் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளின் தோளில் கிடக்கும் கருப்புக் கம்பளியைவிடப் பாடுபடுகிறவருக்கு ஏற்ற குளிர்ச்சட்டை எனக்குத் தெரிந்து இல்லை. கையும் கிடையாது, பித்தானும் கிடையாது. ஒரு முனையை மடக்கித் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. தரையில் விரித்தால் படுக்கை. வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடிக்க வேண்டும், இழைகளுக்கு நடுவே வானம் தெரியக் கூடாது. பிறகு கன்னத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். சுருக்கென்று குத்தினால் நல்லது, அது நாட்டு ஆட்டு மயிர். பாவுக்குப் புளியங்கொட்டைக் கூழ் தடவி நெய்தது புதிதில் முறைத்துக்கொண்டுதான் நிற்கும்; தோளில் கிடந்து கிடந்துதான் இணங்கி வரும். உதறினால் கனத்த சத்தம், லேசான ஆட்டு வாடை. தூறல் விழுந்தால் நீர் சட்டென்று உள்ளே இறங்காமல் மணிமணியாக மேலேயே நிற்கும். வேலிமுள் மாட்டினாலும் பிடுங்கி எறிந்துவிட்டு நடக்கலாம்.