ஓசோன் கதையில் விடுபட்ட துளி

ஓசோன் ஓட்டையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதையை நீங்கள் அறிவீர்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து கசிந்த குளோரோ புளோரோ கார்பன் மேலே செல்கிறது. புறஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது. வெளிப்பட்ட குளோரின் ஓசோனை அழிக்கிறது. இது பிழையன்று. 1974இல் மொலினாவும் ரோலண்டும் தந்த விளக்கத்தின் சாரம் இதுவே. ஆனால், கதையை இங்கேயே முடித்துவிடுவது பெருங்குறை.

வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "அந்த வாயுவை மிகுதியாக வெளியிட்டவை வடகோளத்து நாடுகள். ஓட்டை விழுந்ததோ தென்துருவத்தில். ஏன் சார்?" மேற்சொன்ன கதையில் இதற்கு விடை இல்லை.

அடுக்கு மண்டலக் குளோரினில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குளோரைடாகவும் குளோரின் நைட்ரேட்டாகவும் கட்டுண்டு கிடக்கிறது. வாயுநிலையில் இவ்விரண்டும் எளிதில் வினைபுரிவதில்லை. தென்துருவக் குளிர்காலத்தில், ஏறத்தாழ −78 டிகிரி செல்சியசுக்குக் கீழே, நீரும் நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த மேகத் துகள்கள் உருவாகின்றன. அவற்றின் பரப்பில் இவ்விரு சேர்மங்களும் வினைபுரிந்து குளோரின் வாயுவை விடுவிக்கின்றன. வசந்தத்தில் சூரிய ஒளி பட்டதும் அது அணுக்களாகப் பிரிந்து ஓசோனைத் தாக்குகிறது. வடதுருவம் பொதுவாகத் தென்துருவம் அளவுக்குக் குளிர்வதில்லை. 1985இல் பார்மன் குழுவினர் ஓட்டையை அறிவித்தனர்; 1986இல் சூசன் சாலமன் குழுவினர் இத்துகள்களைச் சுட்டிக்காட்டினர்.

இது நுணுக்கம் மட்டுமன்று. 1991இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ எரிமலை 1½ முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே வீசியது. அதிலிருந்து உருவான கந்தக அமிலத் துளிகள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்ப, புவியின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி தணிந்தது. ஆனால், அதே துளிகளில் நைட்ரஜன் பென்டாக்சைடு நீருடன் சேர்ந்து நைட்ரிக் அமிலமாயிற்று. குளோரினைக் கட்டிவைக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு குறைந்தது. துருவத்துக்கு வெளியிலும் ஓசோன் சரிந்தது.

புவி வெப்பத்தைத் தணிக்க இத்தகைய துளிகளை நாமே தூவலாமா என்ற யோசனை, 2006இல் குருட்சன் எழுதிய கட்டுரைக்குப் பின் வலுவாகப் பேசப்படுகிறது. அவர் ஓசோன் வேதியியலுக்காக 1995இல் நோபல் பரிசு பெற்றவர். இந்த ஆபத்தை அறிந்தவர். வாயுக்கதையை மட்டும் கற்றவரோ, "கந்தகத்துக்கும் ஓசோனுக்கும் என்ன தொடர்பு?" என்று வியப்பார். 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்பாட்டால் குளோரின் குறைந்து வருகிறது. ஆயினும் அது முற்றிலும் நீங்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

தூவலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் தலைமுறை உங்களுடையது. எனவே, வளிமண்டல வினை எதைப் படித்தாலும் ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: "இது எதன் பரப்பில் நடக்கிறது?"