மைலேஜ் யாருடைய கணக்கு?

மடத்துக்குளம் பக்கம் ஒரு பங்க்கில், தேங்காய் லோடு இறக்கிவிட்டு வந்த லாரிக்கு டீசல் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பம்பு தானாக நின்ற பிறகும் டிரைவர் விடவில்லை. நுரை அடங்கும்வரை காத்திருந்தார். டேங்கின் கழுத்தில் டீசல் பளபளக்கும்வரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அதற்கு முன்பே வண்டி சமதரையில் நிற்கிறதா என்று ஒருமுறை சுற்றி வந்து பார்த்திருந்தார். டேங்க் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கணக்கு பிசகிவிடும். போன டிரிப்புக்கு முன்னும் இப்படித்தான் கழுத்துவரை நிரப்பியிருந்தார்கள். இடையில் ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவது மைலேஜ். ஓனர் சொன்ன அளவுக்கு மேல் வந்தால் மிச்ச டீசலுக்குப் பணம் உண்டு. குறைந்தால் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பேட்டாவில் பிடித்தம்.

அருகிலுள்ள கொமரலிங்கத்தைச் சுற்றி அமராவதித் தண்ணீரில் விளையும் நெல்லும் கரும்பும் தேங்காயும் லாரி ஏறித்தான் வெளியே போகின்றன. திருப்பூர்ப் பனியன் பெட்டிகளும் லாரியில்தான் தூத்துக்குடித் துறைமுகம் சேர்கின்றன. டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், வாடகையில் பெரும்பங்கை டேங்கே விழுங்குகிறது. ஆகவே இந்த மைலேஜ் கணக்கை ஓனர்களின் கஞ்சத்தனம் என்று ஒதுக்க முடியாது.

அதன் பலம் எளிமையில் இருக்கிறது. கருவி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வழியில் டீசல் திருடு போனால் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் வேகத்தை மீட்டரின் பச்சைப் பட்டைக்குள் வைத்து, தூரத்திலேயே சிக்னலைப் பார்த்துக் காலை எடுக்கும் டிரைவரின் கைத்திறனுக்கு மதிப்புக் கொடுக்கும். வண்டியின் நோயையும் முன்கூட்டியே சொல்லும். ஒரே தடம், ஒரே லோடு, ஆனால் லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் குறைகிறது என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் பழுதாகியிருக்கலாம், பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இப்படி வண்டியைச் சோதிக்கும் கருவியாக இருக்கும்வரை இந்தக் கணக்கை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

அது கூலியாக மாறும்போதுதான் தவறு தொடங்குகிறது. ஒரு பேச்சுக்கு, 20 டன் ஏற்றிய வண்டி லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர் கொடுக்கிறது. அதே வண்டி 10 டன்னுடன் 4.5 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் இரண்டாவதுதான் நல்ல டிரிப். ஆனால் ஒரு லிட்டர் டீசல் முதல் டிரிப்பில் 70 டன்-கிலோமீட்டர் வேலை செய்தது, இரண்டாவதில் 45தான். கூடுதல் வேலை வாங்கிய டிரைவருக்குப் பிடித்தம் விழுகிறது.

காற்றும் கணக்கில் இல்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுதான் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதே காற்றை எதிர்த்துப் பொள்ளாச்சி நோக்கிப் போகும் லாரிக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவு. பனியன் பெட்டி லோடு எடை குறைவு, உயரம் அதிகம்; தார்ப்பாய் தளர்ந்து படபடத்தால் இன்னும் மோசம். தேங்காய் லோடில் எடைதான் இழுக்கும். அங்கே டயரில் காற்றுக் குறைவாக இருப்பது டீசலைத் தின்னும். டயரும் தார்ப்பாயும் ஓனர் செலவு செய்ய வேண்டியவை. பிடித்தமோ டிரைவருக்கு.

இன்னும் கொடியது உயிராபத்து. நாலு லிட்டர் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தொப்பூர் கணவாயில் இதைத்தான் செய்யாதீர்கள் என்று போலீசார் எச்சரித்து வருகிறார்கள். பிரேக் போட்டே இறங்க வேண்டிய சரிவில் இதில் டீசல் லாபம்கூட இல்லை. கியரில் இருக்கும்போது சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லையென்றால் இன்றைய காமன் ரெயில் இன்ஜின் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் தானாகச் சுற்ற டீசல் குடித்தாக வேண்டும். பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. சூடேறிய பிரேக் பிடிக்காது. கேபின் வெக்கையிலும் இதே கதைதான். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். அந்த ஏசியும் கொஞ்சம் டீசல் குடிக்கும். மைலேஜுக்குப் பயந்து டிரைவர் அதை அணைத்துவிட்டுச் சூட்டில் வேகப்போகிறார் என்றால் சட்டம் போட்டு என்ன பயன்?

ஓடும் நிலைமையைப் பார்க்காத இந்தக் குறை அரசின் அளவுகோலிலும் உண்டு. 12 டன்னும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு 2017-ல் அறிவித்த எரிபொருள் விதி, மணிக்கு 40, 60 கிலோமீட்டர் என்ற நிலையான வேகங்களில் வைக்கும் சோதனையை நம்பியது. நம் சாலையில் எந்த லாரி நிலையான வேகத்தில் ஓடுகிறது? ஐரோப்பாவில் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு கரியமிலவாயு வெளியாகிறது என்று கணக்கிடுகிறார்கள். சரக்கையும் சேர்த்து அளப்பதே நேர்மையான அளவு.

கணக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைத் திருத்தச் சொல்கிறேன். கிலோமீட்டர், லிட்டர் என்ற இரண்டு கட்டங்களோடு லோடு எத்தனை டன், எந்தத் தடம், எந்த மாதம், டயர் காற்றை எப்போது பார்த்தது என்று இன்னும் நான்கு கட்டங்கள் போடட்டும். ஒரு வண்டியை அதே தடத்தில் அதே வண்டியோடு ஒப்பிடட்டும். மிச்சம் வந்தால் டிரைவருக்குப் பங்கு கொடுக்கட்டும். குறைந்தால் பேட்டாவில் கைவைக்கும் முன் பட்டறைக்கு அனுப்பட்டும். அன்று பங்க்கில் அந்த டிரைவர் நுரை அடங்கும்வரை காத்திருந்த பொறுமை, தன் சாப்பாட்டுக் காசைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு. அந்தக் கவனம் முழுவதும் வண்டிக்கும் சாலைக்கும் கிடைத்தால் டீசலும் மிச்சமாகும், அவரும் பத்திரமாக வீடு வந்து சேர்வார்.