89 இறாத்தல்: ஜெனெட் மெக்கர்டியின் தன்வரலாற்றை முன்வைத்து

எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதம் ஒருமுறை கூடும் இலக்கிய நண்பர்களிடம் இந்த நூலின் பெயரைச் சொன்னபோது ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. ‘ஐம் க்ளாட் மை மொம் டைட்’. நமது பேச்சில் சொல்வதானால், உம்மா மௌத்தானது எனக்குச் சந்தோசம். தாயின் காலடியில் சுவர்க்கம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அட்டையைக் கண்டதும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. இளஞ்சிவப்புப் பின்னணியில், சாம்பற் கலசமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் நூலாசிரியர். “இதெல்லாம் நமக்கென்னத்துக்கு மாஸ்டர்?” என்று எங்களுள் மூத்த கவிஞர் கேட்டார். அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. இரண்டாம் தடவையும் வாசித்துவிட்டு இப்போது எழுதுவதை அவருக்கான பதிலென்றே கொள்ளலாம்.

நூலைக் கொண்டுவந்தவள் கொழும்பில் படிக்கும் என் மூத்த மகள். அட்டையில் நிற்பவரைப் பார்த்ததும் ‘சாம்’ என்றாள். எனக்கு அந்த முகம் புதிது. ஜெனெட் மெக்கர்டி 1992இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். ஆறு வயதில் நடிக்கத் தொடங்கியவர். 2007இல் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் ஆரம்பமான ‘ஐகார்லி’ என்ற சிறுவர் தொடரில் சாம் பக்கெட் என்ற முரட்டுச் சிறுமியாக நடித்து உலகெங்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகமானவர். அத்தொடர் 2012இல் முடிந்தது. பின்னர் ‘சாம் அன்ட் கற்’ என்ற தொடரில் 2014 வரை நடித்தார். சில ஆண்டுகளில் நடிப்பையே விட்டு எழுத்துக்கு வந்தார். இந்நூல் 2022 ஓகஸ்ட் மாதம் வெளிவந்து பெருந்தொகையாக விற்பனையாயிற்று. இவ்வளவும் தெரிந்தால் போதும்.

நூல் ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்குகிறது. புற்றுநோயால் தாய் டெப்ரா நினைவற்றுக் கிடக்கிறாள். பிள்ளைகள் நால்வரும் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். நல்ல செய்தி எதையாவது சொன்னால் கண் விழிப்பாள் என்ற நப்பாசையில் ஒவ்வொருவரும் தத்தம் செய்தியைச் சொல்கிறார்கள். அண்ணன்மார் மூவரும் சொல்லி முடிந்ததும் ஜெனெட் தாயின் அருகே குனிகிறார். தன்னிடம்தான் தாயை எழுப்பக்கூடிய செய்தி இருக்கிறதென்று அவருக்கு நிச்சயம். தன் எடை 89 இறாத்தலுக்குக் குறைந்துவிட்டது என்று சொல்கிறார்.

அப்போது அவருக்கு வயது 21. வீட்டுச் செலவைத் தாங்கிய உழைப்பு அவருடையது. தெருவில் இறங்கினால் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். மரணப்படுக்கையிலுள்ள தாய்க்குச் சொல்ல அதில் ஒன்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஏறத்தாழ 40 கிலோ என்ற அந்த எடை ஒன்றுதான் தோன்றியது. தாய் கண் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லையென்று மகளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பின்னால் வரும் அத்தனை பக்கங்களும் இந்த விளங்காமையிலிருந்துதான் விரிகின்றன.

இந்நூலின் பலம் அதன் கதைசொல்லியில் இருக்கிறது. நமது தன்வரலாறுகளில் வளர்ந்து ஆளான எழுத்தாளர் அடிக்கடி குறுக்கே வந்து, ‘இன்று நினைத்துப் பார்க்கையில்’ என்று சிறுபராயத்துக்கு விளக்கவுரை கூறுவார். இதில் அந்தக் குறுக்கீடு இல்லை. எல்லாம் நிகழ்காலத்தில் நடக்கிறது. ஆறு வயதென்றால் ஆறு வயதுக்குத் தெரிந்தது மட்டும். பதினொரு வயதென்றால் அந்த வயதின் அறிவு மட்டும். அந்தச் சிறுமிக்குத் தன் தாயைப் போல ஒருத்தி உலகத்திலேயே இல்லை. தாயின் முகத்தில் புருவம் அசைந்தால் அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். தாய்க்குத் தான் நடிகையாக வேண்டுமென்ற ஆசை இருந்தது. அவளது பெற்றோர் அதற்கு விடவில்லை. ஆகவே மகள் நடிக்கவேண்டும். மகளும் தலையாட்டுகிறாள். இதில் பலவந்தம் எதுவும் சிறுமியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாசிக்கும் நமக்குத்தான் தெரிகிறது. ஆசிரியர் வாய்திறந்து தாயைக் குற்றஞ்சாட்டாமல் விடுவதனால்தான் நாம் குற்றத்தைக் காண்கிறோம். அங்கதத்தின் மிகக் கடினமான வகை இது.

ஒரேயொரு தடவை, தனக்கு இனி நடிக்க விருப்பமில்லை என்று சிறுமி சொல்லிப் பார்க்கிறாள். காருக்குள்ளேயே தாய் கதறி அழத் தொடங்குகிறாள். மகள் உடனே தன் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாள். தாயின் அழுகை நிற்கிறது. பிற்காலத்து மனநோய்க்கெல்லாம் வித்து இந்தச் சில நிமிடங்களில் விழுந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஆசிரிய கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்தபோது கார்ல் ரொஜர்ஸ் கூறும் ‘நிபந்தனையற்ற ஏற்பு’ என்பதைப் பரீட்சைக்காக மனனம் செய்தோம். நிபந்தனையோடு கூடிய அன்பு எப்படியிருக்கும் என்று அப்போது எவரும் காட்டித்தரவில்லை. இந்நூல் காட்டுகிறது.

பதினொரு வயதில் தன் உடல் வளரத் தொடங்குவதைக் கண்டு சிறுமி அஞ்சுகிறாள். பெரியவளாகிவிட்டால் தாயின் அன்பு குறைந்துவிடுமோ என்ற பயம். பார்வைக்கு வயது குறைந்தவளாக இருந்தால் சிறுமி வேடங்கள் அதிகம் கிடைக்கும் என்பது வேறு. வளராமலிருக்க வழியுண்டா என்று தாயிடமே கேட்கிறாள். சாப்பாட்டைக் குறைக்கும் வித்தையைத் தாய் கற்றுக்கொடுக்கிறாள். அன்றிலிருந்து தாயும் மகளும் கூட்டாகச் சேர்ந்து உணவை அளக்கிறார்கள், எடை நிறுக்கிறார்கள், குறைந்தால் மகிழ்கிறார்கள். சிறுமிக்கு இது தண்டனையாகத் தெரியவில்லை. தாயோடு தனக்கு மட்டும் வாய்த்த இரகசிய நெருக்கமாகத் தெரிகிறது. இந்த அத்தியாயத்தை வாசிக்கையில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து முற்றத்தில் சற்று நடந்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

இதன்மேல் புகழ் வந்து ஏறுகிறது. சாம் பக்கெட் என்ற பாத்திரம் ஒரு சாப்பாட்டு ராமி. பொரித்த கோழி என்றால் உயிரை விடுபவள். தெருவில் கண்ட இரசிகர்கள், பொரித்த கோழி எங்கே என்று கத்துகிறார்கள். பட்டினியை வழக்கமாக்கிக்கொண்ட பெண்ணைப் பார்த்து உலகம் கேட்கும் கேள்வி அது! எந்தப் புனைகதையாளனும் இப்படியொரு முரணைக் கற்பனை செய்தால், மிகைப்படுத்திவிட்டான் என்று நாமே விமர்சனம் எழுதியிருப்போம். புகழ் ஒருவரின் மனதை எவ்வாறு சிதைக்கிறது என்பதற்கு நூலில் இதைவிடத் தெளிவான இடமில்லை. இரசிகர்கள் கெட்டவர்களல்லர். அவர்கள் அன்பு செலுத்துவது சாமின் மீது. அந்த அன்பை வாங்கி வைத்துக்கொள்ள ஜெனெட்டிடம் இடமில்லை. வீட்டில் தாய்க்கு நடிகை வேண்டும், வெளியே சனத்துக்குச் சாம் வேண்டும். மெக்கர்டி என்ற பெண்ணை யாரும் கேட்கவில்லை.

நமது வாசகர்கள் அவசியம் கவனிக்கவேண்டிய ஒரு பகுதி உண்டு. இக்குடும்பம் மோர்மன் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. சிறுமிக்கு உள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. இதை இத்தனை முறை தொடு, இப்படிச் சுற்று என்று அது கட்டளையிடுகிறது. பரிசுத்த ஆவிதான் தன்னோடு பேசுகிறது என்று அவள் நம்புகிறாள். அது மனதை வருத்தும் ஒரு நோய் என்று பிற்காலத்தில் அறிகிறார். ஒளூச் செய்ததில் சந்தேகம் வந்து பைப்படியை விட்டு எழும்ப முடியாமல் மீண்டும் மீண்டும் கழுவிக்கொண்டிருப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். வஸ்வாஸ் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அச்சொல் தவறல்ல. ஆனால் அச்சொல்லோடு ஒரு வைத்தியரிடமும் போகவேண்டியிருக்கலாம் என்பதை இந்தப் பக்கங்கள் நினைவூட்டின.

எழுத்தைப் பற்றிய ஒரு சிறு சம்பவமும் இருக்கிறது. சிறுமியாயிருக்கும்போதே ஒரு திரைக்கதையை முழுமையாக எழுதித் தாயிடம் நீட்டுகிறாள். தாய்க்கு முகம் கறுத்துவிடுகிறது. எழுதுகிறவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு பெருத்துப்போவார்கள் என்று சொல்லிவிடுகிறாள். சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் விட்டது. அச்சிறுமி தானாக விரும்பிச் செய்த ஒரே காரியம் அது.

ஹொலிவூட் இதையெல்லாம் அறியாத இடமல்ல. 1921இல் சாப்ளினோடு ‘த கிட்’ படத்தில் நடித்த ஜக்கி கூகன் வளர்ந்து ஆளானபின், தான் உழைத்த பணத்தைத் தாயும் மாற்றுத் தந்தையும் செலவழித்துவிட்டதாக 1938இல் வழக்குத் தொடுத்தார். அவருக்குக் கிடைத்ததோ மிகச் சிறிய பங்கு. அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியா ஒரு சட்டம் செய்தது. இன்று அங்கே நடிக்கும் பிள்ளையின் சம்பளத்தில் நூற்றுக்குப் 15 வீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கவேண்டும். பணத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். மனதுக்கு எந்த அரசால் பூட்டுப் போட முடியும்? அந்தத் தொழில் தரும் மரியாதைக்கு இந்நூலிலேயே ஒரு சான்று உண்டு. இரண்டாவது தொடர் முடிந்தபோது, அங்கு நடந்தவற்றை வெளியில் பேசாதிருப்பதற்காகத் தொலைக்காட்சித் தரப்பு 300,000 டொலர் தர முன்வந்ததாகவும் தான் மறுத்ததாகவும் எழுதுகிறார்.

இனிக் குறைகள். தாயின் மறைவுக்குப் பிந்திய பகுதி முன்பகுதியின் உயரத்துக்கு வரவில்லை. தின்பதும் வாந்தியெடுப்பதும் மதுவுமாகக் கழியும் ஆண்டுகள் நேர்மையாகச் சொல்லப்படுகின்றன. வாந்தியின் அமிலத்தால் பல்லொன்று விழுந்துபோவது மறக்க முடியாத இடம். ஆனால் உளவளத்துணையாளர்களின் கலைச்சொற்கள் நுழைய நுழைய, அந்தச் சிறுமியின் குரல் தேய்கிறது. விதிவிலக்காக ஒரு காட்சி: உன் தாய் உன்னைத் துன்புறுத்தியிருக்கிறாள் என்று உளவளத்துணையாளர் முதன்முறை சொன்னதும், அந்தச் சிகிச்சையையே ஜெனெட் நிறுத்திவிடுகிறார். உண்மையைத் தாங்க முடியாத மனதை இதைவிட எப்படி எழுதுவது?

தந்தையும் சகோதரர்களும் நிழல்களாகவே வந்துபோகிறார்கள். எனக்குப் பெரிய குறையாகப்பட்டது வறுமையைப் பற்றிய மௌனம். பொருட்கள் அடைந்து கிடக்கும் வீடு, பிள்ளைகள் படுக்க அறையில்லாமல் கூடத்தில் பாய்விரித்தாற்போல் படுப்பது, எந்நேரமும் காசுக் கவலை, தாயின் தீரா நோய் எல்லாம் நூலில் இருக்கின்றன. ஆயினும் இவை தாயை எப்படி ஆக்கின என்ற கேள்விக்குள் ஆசிரியர் போகவில்லை. காதலனோடு விடுமுறை சென்ற மகளின் படங்கள் வெளியானதும் தாய் ஒரு மின்னஞ்சல் எழுதுகிறாள். வசைமாரி பொழிந்து, மகளே இல்லையென்று தலைமுழுகிவிட்டு, கடைசியில் ஒரு பின்குறிப்பு: குளிர்சாதனப் பெட்டி பழுது, புதிதாக வாங்கக் காசு அனுப்பு. ஆசிரியர் இதைச் சிரிப்பாக வைக்கிறார். எனக்கு அந்தப் பின்குறிப்பில் ஒரு பயந்துபோன ஏழைப் பெண்ணும் தெரிந்தாள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லாவிட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். அழவேண்டிய காட்சிகளில் கண்ணீர் வரவழைக்க, தன் குடும்பத்தில் ஒருவருக்கு ஏதோ நேர்ந்துவிட்டதாகச் சிறுமி ஜெனெட் நினைத்துக்கொள்வாள். அதை வாசித்தபோது எனக்கு வியர்த்தது. பல வருடங்களுக்கு முன் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவியைத் தயார்படுத்தினேன். பேச்சை எழுதியவன் நான். குரல் உடையவேண்டிய இடத்தில் குரல் உடையவில்லை. அவளுடைய உம்மம்மா காலமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த இடம் வரும்போது உம்மம்மாவை நினைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தேன். மாகாணத்தில் முதலிடம். பதாகை கட்டினோம், வாகனத்தில் ஊரைச் சுற்றி அழைத்து வந்தோம். மறுவருடம் வலயத்திலேயே தோற்றாள். பதாகை அதற்குள் வெயிலில் வெளுத்திருந்தது, யாரும் அதை அவிழ்க்கவில்லை. அதன்பிறகு அவள் மேடையேறவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டாலும் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். வெட்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஹொலிவூட் எங்கே, எங்கள் வலயம் எங்கே என்று கேட்கலாம். அளவு வேறுதான். நான் சொல்லிக்கொடுத்தது வேறல்ல.

ஆகவே தலைப்புக்கு வருகிறேன். அந்தத் தலைப்பை நியாயப்படுத்த நான் முனையவில்லை. என் வாயால் அதை உரத்துச் சொல்ல இன்றும் கூசுகிறது. ஆனால் தாயை வெறுக்கும் மகளின் நூல் அல்ல இது. கடைசிக் காட்சியில் ஜெனெட் தாயின் கல்லறைக்குப் போகிறார். தாய் உயிரோடிருந்தால் எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டிருப்பாளோ என்று ஒரு கணம் கற்பனை செய்கிறார். மாட்டாள் என்று தனக்கே ஒப்புக்கொள்கிறார். தாயின் நினைவு வாட்டுகிறது. எழுந்து நடக்கிறார். இனித் திரும்பி வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிகிறது. அன்பில்லாதவர்களுக்கு இந்த நடை இவ்வளவு கடினமாக இருந்திருக்காது.

போன மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் மூத்த கவிஞர் அந்தப் புத்தகத்தைக் கேட்டார். அவர் வீட்டில் அவருடைய உம்மா இருக்கிறார், தொண்ணூறை அண்மித்த வயது. பாடப்புத்தகங்களுக்குப் போடுவதுபோலப் பழைய பத்திரிகைத் தாளில் உறை போட்டுத்தான் கொடுத்தனுப்பினேன்.