விளாம்பழமும் முந்தானையும்

சித்தூரில் ஜவுளிக் கடை வைத்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. பட்டம் எதுவும் பெற்றவனல்ல. கடை அடைத்த பின் படித்ததுதான் என் படிப்பு. இருபது வருஷத்துக்கு முன் ஒருநாள் என் மகள், ஜெயப்ரபா எழுதிய 'பைட்டனு தகலெய்யாலி' என்ற தெலுங்குக் கவிதையைப் படித்துக் காட்டினாள். பைட்ட என்றால் முந்தானை. அதை எரிக்க வேண்டும் என்கிறது கவிதை. முந்தானைக்கு விலை சொல்லிப் பிழைப்பவன் அல்லவா, எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆண்டாள் சொன்னா தலையாட்டுறீங்க, இவங்க சொன்னா மட்டும் ஏம்ப்பா கோபம்?" என்றாள். அன்று என்னிடம் பதில் இல்லை.

தண்டியலங்காரம் கற்றோர் அறிவர்: உவமை இரு பொருள்களைப் பக்கத்தில் வைக்கும், உருவகம் இரண்டையும் ஒன்றாக்கும். முகமே மதி, கண்ணே கயல் என்று பெண்தான் பெரும்பாலும் அதற்குச் சரக்கு. தன் கண்ணுக்கு அவள் எப்படித் தெரிந்தாள் என்று கேட்ட புலவர் குறைவு.

ஆண்டாள் அதைச் சொன்னாள். நாச்சியார் திருமொழி எட்டாம் பதிகத்தில், வேங்கடமாகிய நம் திருப்பதி மலையின் மேகங்களைத் தூது விடுகிறாள். அங்கே தன்னைப் பூச்சி தின்ற விளாம்பழத்துக்கு ஒப்பிடுகிறாள். ஓடு முழுசாக இருக்கும். உள்ளே ஒன்றும் இராது. சேதி பெருமாளுக்குத்தான். ஆனால் சொல்லச் சொல்லத் தன் நிலை அவளுக்கே விளங்குகிறது. ஆயினும் 'போல்' என்ற சொல் நடுவே நிற்கிறது.

ஜெயப்ரபாவிடம் அந்த இடைவெளியும் இல்லை. ஊரார் பார்வைக்கு அஞ்சிக் குனியும் பழக்கமே அங்கு முந்தானை. அது தன் தோலோடு பிறந்ததல்ல, மேலே போர்த்தப்பட்டது என்று கண்டுகொண்டவர்தான் எரிக்கச் சொல்ல முடியும்.

1993-ல் ஓல்கா தொகுத்த தெலுங்குப் பெண்ணியக் கவிதைகளுக்குப் பெயர் 'நீலி மேகாலு', அதாவது நீல மேகங்கள். அன்று தூது போன மேகம், இன்று பேசுகிறவர்களின் பெயராகவே ஆகிவிட்டது. தமிழில் சுகிர்தராணி 2004-ல் தம் தொகுதிக்கு 'இரவு மிருகம்' என்று பெயரிட்டார். மதியும் கயலும் போய், அவரே தேர்ந்த உருவகம் வந்தது.

குறையும் உண்டு. கூண்டு, சங்கிலி, தீ என்று பலர் கைபட்ட உருவகங்கள் சாயம் போய்விடுகின்றன. சாயம் போன துணியை எனக்குத் தெரியும்.

தெலுங்கு படித்து வளரும் நம் வீட்டுப் பெண்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கட்டும், அப்பாக்களும் படிக்கட்டும். விளாம்பழம் புரிந்தவனுக்கு முந்தானையும் புரியும். எனக்கு அது புரிய இருபது வருஷம் ஆயிற்று; உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.