தேவதாஸுக்குக் கண்ணீர், கொத்தனாருக்குச் சிரிப்பு

தமிழ் சினிமாவில் இரண்டு வகைக் குடிகாரர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வசதியானவர், காதலில் தோற்றவர். அவர் குடித்தால் தியேட்டரே அழும். இன்னொருவர் லுங்கி கட்டிய தினக்கூலி. அவர் தள்ளாடினால் தியேட்டரே சிரிக்கும். உள்ளே போவது இரண்டு பேருக்கும் அதே விஷம்தான். அப்புறம் ஏன் இந்தப் பாரபட்சம்?

முதல் ஆள் யாரென்று உங்களுக்கே தெரியும். தேவதாஸ். சரத் சந்திரரின் வங்க நாவல் 1917-ல் புத்தகமாக வந்தது. 1953-ல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துத் தமிழிலும் தெலுங்கிலும் படமானது. அந்தப் படம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது. தேவதாஸ் ஜாலிக்காகக் குடிக்கவில்லை. பார்வதி இல்லாத ராத்திரியைக் கடப்பதற்குக் குடிக்கிறான். வலி முதலில், பாட்டில் அப்புறம்.

வைத்திய உலகம் இதைப் பின்னாளில் கணக்குப் போட்டே சொன்னது. 1998-ல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற டாக்டர்களின் குழு 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய சின்ன வயதைப் பற்றிக் கேட்டது. அடி, வசவு, பாலியல் தொல்லை, அம்மா அடி வாங்குவதைப் பார்த்தது, வீட்டில் ஒரு குடிகாரர் என்று ஏழு வகைத் துயரங்கள். இதில் நாலு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதையுமே அனுபவிக்காதவர்களைவிட, குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் 'திமிர்ல குடிக்கிறான்' என்று நாம் போடும் தீர்ப்புக்கு இங்கே இடமில்லை.

இப்போது அந்த லுங்கிக்காரரிடம் வாருங்கள். பகல் முழுக்க செங்கல் சுமந்த முதுகு. எப்போது வரும் என்று தெரியாத கூலி. ஒருவேளை அவருடைய அப்பாவும் குடித்துவிட்டு வந்து அடித்தவராக இருக்கலாம். வலி என்று பார்த்தால் ஜமீன்தார் மகனைவிட இவரிடம்தான் ஸ்டாக் அதிகம். ஆனால் இவருக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் கொடுக்க நம் இயக்குநர்களுக்கு மனசு வருவதில்லை. உளறல் வசனம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நாமும் கைதட்டிவிட்டு வெளியே வந்து, பிளாட்பாரத்தில் விழுந்து கிடக்கிற நிஜ ஆளைத் தாண்டிப் போகிறோம்.

சரி, வலியைப் புரிந்துகொண்டாகிவிட்டது. மீள்வது எப்படி? இங்கேதான் சினிமா சறுக்குகிறது. அதற்குத் தெரிந்தது இரண்டே முடிவு. ஒன்று, செத்துப்போவது. இன்னொன்று, குழந்தை தலையில் சத்தியம் பண்ணிவிட்டு பாட்டிலைச் சுவரில் அடித்து, மறுநாள் காலை விபூதி பூசிக்கொண்டு வேலைக்குப் போவது. இந்த இரண்டாவது காட்சி ரொம்ப ஆபத்தானது. வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், இல்லாத உருவம் தெரியும், வலிப்பு வரலாம், உயிரேகூடப் போகலாம். முதல் சில நாட்கள் டாக்டரின் கண்காணிப்பும் மாத்திரையும் வேண்டும். சத்தியத்தால் வலிப்பை நிறுத்த முடியாது.

மருந்தின் இன்னொரு பாதியை ஒரு படம் கிட்டத்தட்டக் கண்டுபிடித்தது. 1983-ல் வந்த கே.விஸ்வநாத்தின் 'சலங்கை ஒலி'. தாயையும் காதலையும் மேடையையும் இழந்து குடியில் விழுந்த நடனக் கலைஞன் பாலுவாகக் கமல். பல வருஷம் கழித்து அவனைப் பார்க்கிற மாதவி அவனுக்கு ஒரு வேலை கொடுக்கிறாள்: என் பெண்ணுக்கு நடனம் சொல்லிக்கொடு. அவன் இழந்ததில் ஒரு துண்டையாவது திருப்பித் தருகிறாள். பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்கார வேண்டும் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதற்குள் அவன் உடம்பு கெட்டுவிட்டது. கடைசியில் மாணவி ஆடுவதைப் பார்த்தபடியே செத்துப்போகிறான். நாம் அழுதோம். பாலு பிழைத்து, அடுத்த வருஷம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ நீட்டுகிற கிளாஸை வேண்டாம் என்று சொல்லும் காட்சியை யாரும் எடுக்கவில்லை.

2025 ஜனவரியில் வந்த தினகரன் சிவலிங்கத்தின் 'பாட்டல் ராதா' அந்தப் பக்கம் துணிந்து போனது. குரு சோமசுந்தரம் கட்டட வேலைக்காரர். காதல் தோல்வி கிடையாது. மனைவி அவரை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறார். அங்கிருந்து வந்து மறுபடியும் குடிக்கிறார். பிரசங்க வாடை வீசும் இடங்கள் உண்டுதான். இருந்தாலும் லுங்கிக்காரருக்கு ஒரு முழுப் படம் கொடுத்ததும், மறுபடி விழுவதும் மீள்வதில் ஒரு பகுதிதான் என்று காட்டியதும் பெரிய விஷயம். மையத்தை நடத்துகிறவரே ஒரு முன்னாள் குடிகாரர் என்பது இன்னும் சரி.

ஏனென்றால் நிஜத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தது. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், பிசினஸ் படுத்துவிட்ட பில் வில்சன், ஹோட்டல் பாருக்குள் போகாமல் தப்பிக்க ஒரு வழி தேடினார். பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று போன் போட்டுத் தேடியதில் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற டாக்டர். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் இல்லாத அதன் கூட்டங்கள் நம் ஊரிலும் நடக்கின்றன. சென்னையில் குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் டி.டி.ரங்கநாதன் பெயரில் ஆரம்பித்த சிகிச்சை மையத்தில் குடும்பத்துக்கும் சேர்த்தே ஆலோசனை தருகிறார்கள்.

குடும்பம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அவருக்கு வலி இருக்கிறது என்பதற்காக மனைவி அடி வாங்க வேண்டியதில்லை. வலி காரணம்தான், சலுகை அல்ல. கை நீட்டினால் விலகிப் போவதும் போலீஸுக்குச் சொல்வதும் நியாயமே.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். 'ஏன்டா குடிக்கிற?' என்று ராத்திரி பத்து மணிக்கு அவரிடம் கத்தியிருப்பீர்கள். அதே கேள்வியை, அவர் தெளிந்திருக்கும் ஒரு காலையில், காபி கொடுத்துவிட்டு, நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பதில் வராது. மறுபடி கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்.