விஞ்ஞான ஆய்வும் சமுதாயப் பயனும் – யாழ்ப்பாணத்து நிலக்கீழ் நீரை முன்வைத்து ஒரு நோக்கு

கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வு முன்மொழிவுகளில் இன்று மூன்று தொடர்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன: நீடித்து நிலைக்கும் அபிவிருத்தி, புத்தாக்கத் தொழில்நுட்பம், சமுதாயப் பயன். இவை நல்ல சொற்களே. எனினும் ஓர் ஆய்வின் பெறுமதியை அறிய, அது எந்த மண்ணைப் பற்றிப் பேசுகின்றதோ அந்த மண்ணிலேயே அதனை உரைத்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு உரைகல்லாக அச்சுவேலியின் தோட்டக் கிணற்றைக் கொள்ளலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடிவரை அது நிலைபெறும் என்பது நீரியற் கொள்கை. ஆகவே மேல்மட்டம் சிறிது தாழினும் கீழிருந்து உவர் பன்மடங்கு ஏறும். அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கூடான சான்றாகும். துலாவால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. நீரிறைக்கும் இயந்திரம் உழைப்பின் சுமையைக் குறைத்தது. கூடவே அவ்வெல்லையையும் நீக்கிவிட்டது.

வெங்காயம், புகையிலை முதலிய பயிர்களுக்கு இடும் இரசாயன உரமும், கிணற்றருகே அமைந்த மலக்குழிகளும் நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் பல கிணறுகள் இதனை மீறுகின்றன என்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. இந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கின், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குன்றக்கூடும்.

இங்கேதான் நமது விமர்சனம் தொடங்குகின்றது. ஆய்வுக்கு மாதிரிநீர் தந்த கமக்காரர், தம் கிணற்றின் அளவு யாதென எப்போது, எம்மொழியில் அறிகின்றார்? ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலகம் சேர்கின்றது. சமுதாயம் முன்னுரையிற் பயனாளியாகவும், ஆய்வுமுறை பற்றிய இயலில் வெறும் மாதிரியாகவும், முடிவுரையிற் பரிந்துரையாகவும் வந்து மறைகின்றது.

புதுமை நாட்டமும் ஆராயத்தக்கது. கடனீரேரிகளை நன்னீராக்கும் திட்டத்தை நீர்ப்பாசனப் பொறியியலாளர் சி. ஆறுமுகம் 1950களிலேயே வகுத்தார். தொண்டைமானாற்றுத் தடுப்பணையும் அக்காலத்திலேயே எழுந்தது. ஆனையிறவை உள்ளடக்கிய அத்திட்டம் நிறைவுறவில்லை. தடுப்பணையைப் பேணுவது புத்தாக்கம் எனப்படாது. ஆயினும் அச்சுவேலிப் பகுதிக்கு அதனினும் பயனுள்ள தொழில்நுட்பம் அரிது. 2024இல் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது குடிநீர்க் குறையைத் தணிக்கவல்லது. தோட்டத்து நீர்வில்லையைக் காக்கும் கடமையை அது தீர்த்துவிடாது.

உண்மையைக் கண்டறிதலே ஆய்வாளன் கடன், அதனைச் செயற்படுத்தல் அரசின் கடன் எனச் சிலர் கூறுவர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால் 2021இல் நிகழ்ந்ததை நோக்குக. இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை தளர்த்தப்பட்டது. முற்றாக இடுவதா, முற்றாக விடுவதா என்ற இருமுனைக்குள் கமக்காரர் தள்ளப்பட்டனர். இந்த மண்ணில் இந்தப் பயிருக்கு எவ்வளவு உரம், எப்போது என்பதே அவர்கள் அறியவேண்டியிருந்தது. அதற்கு விடைகாணும் ஆய்வு அவர்கள் கைக்கு எட்டாதவிடத்து, உண்மை கண்டறியப்பட்டும் பயன்படாது போகின்றது.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதன்று. இத்தகைய ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் தமிழில் ஒரு சுருக்கம் இணைதல் வேண்டும். கிணற்றுக்குரியவரிடம் அக்கிணற்றின் முடிவு எழுத்திற் சேர்தல் வேண்டும். பட்டம் பெற்றபின்னும் அதே கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் அளக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்றல் வேண்டும். அப்போதுதான் சமுதாயப் பயன் என்னும் தொடர் அதன் பொருளைப் பெறும்.